பிள்ளைகளின் ஆங்கிலப் பிழைகள்

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைகளின் கல்வி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பெற்றோர் முதலில் எழுப்பும் கேள்வி ஆங்கிலத்தைப் பற்றியதாகவே இருக்கின்றது. "தமிழ் வருகிறது, மலாய் வருகிறது, கணக்கும் வருகிறது. ஆங்கிலக் கட்டுரை திரும்பி வந்தால் மட்டும் பக்கம் முழுவதும் சிவப்பு மை. எங்கள் பிள்ளைக்கு ஆங்கிலம் ஏறவே ஏறாதா?" என்பதே அக்கேள்வி. ஏறும் என்பதே நமது விடை. அந்தச் சிவப்பு மை எதைக் காட்டுகிறது என்பதைப் பெற்றோர் அறிந்துகொண்டால், ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாதவரும் தம் பிள்ளைக்கு உதவலாம். அதனை விளக்குவதே இன்றைய நமது நோக்கம்.

நமது பேராக் மாநிலத்தில் ஆங்கிலக் கல்வி நீண்ட காலம் பட்டணத்துச் சொத்தாகவே இருந்து வந்தது. ஈப்போவில் ஆங்கிலோ சீனப் பள்ளி 1895ஆம் ஆண்டிலும், ஆண்டர்சன் பள்ளி 1909ஆம் ஆண்டிலும், செயின்ட் மைக்கேல் கல்விக்கூடம் 1912ஆம் ஆண்டிலும் தோன்றின. தோட்டத்துப் பிள்ளைகளுக்கோ, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி தோட்ட நிர்வாகம் நடத்த வேண்டியிருந்த தமிழ்ப் பள்ளியே கதி. எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். பெரும்பாலும் அத்துடன் படிப்பு முடிந்துவிடும். ஆகவே தோட்டத்துப் பிள்ளைக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே நின்றது வாய்ப்புக் குறைவே அன்றி, அறிவுக் குறைவு அன்று.

நிலைமை பின்னர் மாறியது. 1970ஆம் ஆண்டில் ஆங்கிலப் பள்ளிகளின் முதல் வகுப்புத் தேசிய மொழிக்கு மாறத் தொடங்கிற்று. ஆங்கிலம் நாடெங்கும் இரண்டாம் மொழிப் பாடமாயிற்று. 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்ப் பள்ளியின் முதலாம் ஆண்டிலேயே ஆங்கிலம் கற்பிக்கப்படுகிறது. இன்று நம் பிள்ளை வீட்டில் தமிழ், நாட்டுக்குத் தேசிய மொழி, உலகத் தொடர்புக்கு ஆங்கிலம் என மூன்று மொழிகளைச் சுமந்து நடக்கின்றது. இதனை மனத்தில் இருத்தியே அதன் பிழைகளைப் பார்க்க வேண்டும்.

பிழைகளைப் பற்றி அறிஞர்கள் ஆராய்ந்திருக்கின்றனர். புதிய மொழியைக் கற்பவர் தம் தாய்மொழியின் அமைப்பை அதன்மேல் ஏற்றிப் பார்க்கின்றார் என்று அமெரிக்க அறிஞர் இராபர்ட் லாடோ 1957ஆம் ஆண்டில் எழுதினார். பிரிட்டனைச் சேர்ந்த பிட் கார்டர் 1967ஆம் ஆண்டில் இன்னொரு படி மேலே சென்றார். வாய் தவறி, கை தவறி வருவது ஒரு வகை. மாணவன் மனத்தில் தானே அமைத்துக்கொண்ட விதியினால் திரும்பத் திரும்ப வருவது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைப் பிழை, மாணவன் எதுவரை கற்றிருக்கிறான் என்பதற்குச் சான்று என்றார் அவர். இக்கருத்து ஆசிரியர்கள் பிழையைப் பார்க்கும் பார்வையையே மாற்றிற்று.

இனி, நம் பிள்ளைகளின் ஏடுகளில் காணும் பிழைகளுக்கு வருவோம்.

"மை ஃபாதர் டேப்பர்" என்று ஒரு மாணவன் எழுதுவதாகக் கொள்வோம். நடுவில் வர வேண்டிய 'இஸ்' என்னும் சொல்லையும் 'எ' என்னும் சொல்லையும் அவன் விட்டுவிட்டான். ஏன்? "என் தந்தை மரம் சீவுபவர்" என்பது தமிழில் குறையற்ற வாக்கியம். பெயரே பயனிலையாக நிற்கும், வினைச்சொல் வேண்டுவதில்லை. மலாயிலும் பெரும்பாலும் அவ்வாறே. இரு மொழிகளும் ஒப்புக்கொண்டதை மூன்றாம் மொழியிலும் அவன் எழுதினான். ஆசிரியர் திருத்துகின்றார். சில வாரங்கள் கழித்து அதே மாணவன் "ஐ ஆம் கோ டு ஸ்கூல்" என்று எழுதுகின்றான். வேண்டாத இடத்தில் 'ஆம்' வந்துவிட்டது! பெற்றோருக்கு இது பின்னடைவாகத் தோன்றும். உண்மையில் இது முன்னேற்றம். ஆங்கில வாக்கியத்தில் அத்தகைய சொல் ஒன்று வேண்டும் என்று அவன் கற்றுக்கொண்டான். எங்கே வேண்டாம் என்பதுதான் பாக்கி.

அடுத்து, ஒருமை பன்மை. "த்ரீ புக்" என்று எழுதுகின்றான். 'புக்ஸ்' என்று எழுதவில்லை. நாம் எப்படிப் பேசுகின்றோம்? "இன்று முந்நூறு மரம் சீவினேன்", "இருபது மங்கு உடைந்தது" என்கின்றோம். மரங்கள், மங்குகள் என்று யாரும் சொல்வதில்லை. எண்ணே பன்மையைக் காட்டிவிடுகின்றது. மலாயிலும் "தீகா பூக்கு" என்றால் போதும். எண் இருந்தாலும் பெயர் மாற வேண்டும் என்பது ஆங்கிலத்தின் தனி வழக்கம். இதைத் தனியே எடுத்துச் சொன்னால்தான் பிள்ளைக்கு விளங்கும்.

மூன்றாவதாக, "ஹீ கோ" என்னும் பிழை. "ஹீ கோஸ்" என்று இருக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளை இங்கே இடறுவதற்குக் காரணமே இல்லை. நான் போகிறேன், நீ போகிறாய், அவன் போகிறான், அவள் போகிறாள் என்று ஆளுக்கு ஆள் வினையின் விகுதியை மாற்றுவது அதற்கு மூன்று வயதிலேயே கைவந்த கலை. ஆங்கில வினைகளும் முற்காலத்தில் பல விகுதிகளைப் பெற்றிருந்தன. அவை தேய்ந்து, நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் அந்தச் சிறு 'ஸ்' ஒலி எஞ்சியுள்ளது. "அவன் போகிறேன் என்று சொல்வாயா?" என்று கேட்டால் பிள்ளை சிரிக்கும். "ஹீ கோ என்பதும் அதுபோலத்தான்" என்றால் புரிந்துகொள்ளும்.

நான்காவதாக, "ஐ டிட் நாட் வென்ட்" என்னும் பிழை. நடந்து முடிந்த செய்தியாதலால் இறந்தகாலச் சொல்லான 'வென்ட்' வேண்டும் என்று மாணவன் எண்ணுகின்றான். எண்ணம் சரி, ஆனால் காலத்தை 'டிட்' என்ற சொல் ஏற்கெனவே காட்டிவிட்டது. இதற்கும் தமிழிலேயே துணை உண்டு. "நேற்றுப் போனேன்" என்கின்றோம். எதிர்மறையில் "நேற்றுப் போனேன்இல்லை" என்று பேசுவதில்லை. "போகவில்லை" என்கின்றோம். 'போக' என்பதில் காலம் இல்லை. ஆங்கிலத்திலும் 'டிட் நாட்' வந்த பின்னர் 'கோ' என்று காலமின்றி நிற்க வேண்டும். இலக்கணம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இதனை ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

'எ', 'தி' என்னும் சிறு சொற்களே நம் மாணவர்களுக்குப் பெருந்தொல்லை. தமிழில் அவை இல்லை என்று பலர் சொல்வர். அந்த வேறுபாடு தமிழிலும் உண்டு. "அவன் புத்தகம் வாங்கினான்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "அவன் புத்தகத்தை வாங்கினான்" என்றால் முன்பே பேசப்பட்ட, குறிப்பிட்ட புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபு இங்கே செய்யும் வேலையையே ஆங்கிலத்தில் 'தி' செய்கின்றது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. எனினும் வாயிலைத் திறந்துவிடும் சாவி இது.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? ஆங்கிலம் வர வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடும் பெற்றோர் சிலர் உளர். பிள்ளையின் நன்மை கருதியே அவ்வாறு செய்கின்றனர். ஆனால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் கையில் ஒரு மொழி உறுதியாக இருக்க வேண்டாமா? அவன், அவள், போனான், போகிறான், போவான் என்று திருத்தமாகப் பேசும் பிள்ளைக்கு இடமும் காலமும் எண்ணும் ஏற்கெனவே தெரியும். அந்த அறிவின்மேல்தான் ஆங்கிலத்தைக் கட்ட வேண்டும். அடித்தளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு மேல்மாடி கட்டுவார் உண்டோ?

அப்படியானால் பிழைகளை அப்படியே விட்டுவிடலாமா எனின், கூடாது. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. நம் பிள்ளைகளில் பலர் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் கடையிலும் வேலை தேட வேண்டியவர்கள். தொழிற்சாலையை விட்டு நீங்கிய ஓர் இளைஞர், முன்னர் அங்கே வேலை செய்ததைக் குறிப்பிட எண்ணி, "ஐ ஒர்க் இன் ஃபேக்டரி" என்று விண்ணப்பத்தில் எழுதினால், அவர் இன்னும் அங்கேயே வேலை செய்வதாக அல்லவா மேலாளர் நினைப்பார்? 'ஒர்க்ட்' என்னும் ஒரு சிறு ஒலி விடுபட்டதனால், உண்மை பேசியவர் முரணாகப் பேசியவராகிவிடுகின்றார். பிழைக்கு இத்தகைய விலையும் உண்டு.

பிழையை விடவும் பெரிய கேடு இரண்டு உள்ளன. ஒன்று, அச்சம். எழுதினால் சிவப்பு மை, பேசினால் சிரிப்பு என்று கண்ட பிள்ளை வாய் திறவாது. வாய் திறவாத பிள்ளையிடம் பிழை இராது; ஆங்கிலமும் இராது. மற்றொன்று, மனப்பாடம். தேர்வுக்கென்று முழுக் கட்டுரையை நெட்டுருப் போட்டு ஒப்புவிக்கும் வழக்கம் இருக்கின்றது. அந்தக் கட்டுரையில் பிழை இல்லை. பிள்ளையும் அதில் இல்லை. தலைப்புச் சற்று மாறினால் மாணவன் திகைத்து நின்றுவிடுவான். சொந்தமாக எழுதிய பத்து வரிகளில் எட்டுப் பிழை இருந்தாலும் அதுவே அவன் சம்பாத்தியம்.

சரி, பெற்றோர் செய்ய வேண்டியது யாது? பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பின், மாலையில் கால் மணி நேரம் போதும். பிள்ளை எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தமிழில் பொருள் கேளுங்கள். பின்னர் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யார்? எப்பொழுது? எத்தனை? 'யார்' என்று கேட்டால் வினைச்சொல் ஆளுக்கேற்ப இருக்கிறதா என்று பிள்ளை பார்க்கும். 'எப்பொழுது' என்றால் காலத்தைப் பார்க்கும். 'எத்தனை' என்றால் ஒருமை பன்மையைப் பார்க்கும். விடையைச் சரிபார்க்க நீங்கள் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டியதில்லை. தன் பிழையைத் தானே தேடும் பழக்கம் பிள்ளைக்கு வந்தால் அதுவே வெற்றி.

திரும்பி வந்த ஏட்டைக் கண்டதும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஏசாதீர்கள். சென்ற மாதப் பிழையும் இந்த மாதப் பிழையும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றாகவே இருந்தால் ஆசிரியரை அணுகிப் பணிவுடன் விளக்கம் கேளுங்கள். வேறு பிழையாக இருந்தால் பிள்ளை நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரே நாளில் இருபது பிழைகளையும் வட்டமிடுவதைக் காட்டிலும், இந்த வாரம் காலம், அடுத்த வாரம் பன்மை என்று வகை வகையாகத் திருத்தினால் மாணவர் மனத்தில் தங்கும்.

மரம் சீவக் கற்றுக்கொள்ளும் புதியவர் முதல் நாளிலேயே அளவாகப் பட்டை எடுப்பதில்லை. ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்துவார். அஞ்சி மேலாக வெட்டினால் பால் வராது. கூட நிற்பவர் வெட்டைப் பார்த்துக் கையைத் திருத்துகின்றார். கத்தியைப் பிடுங்கி எறிவதில்லை. நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பொறுமையைக் காட்டுவோம். பிழையின்றி எழுதும் நாள் வரும்வரை, பிழையோடாயினும் எழுதிக்கொண்டே இருக்கட்டும்.