மௌனமாகிப் போன கார் வானொலி: காசு செலவழிக்க முன் செய்ய வேண்டிய சோதனைகள்



வழமையாக இந்த நேரத்தில் வருமான வரி, வீட்டுக் கடன், ஓய்வூதியச் சேமிப்பு என்று கணக்கு வழக்குகளைப் பற்றித்தான் உங்களோடு பேசுவேன். இன்று கார் வானொலியைப் பற்றிப் பேசப் போகிறேன். கணக்காளருக்கும் கார் வானொலிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் காசுதான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு ஆசை உண்டு. அகதியாக வந்து இரண்டு வேலை, மூன்று வேலை செய்து, பிள்ளைகளை ஒரு நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, ஒரு நல்ல கார் ஓட வேண்டும் என்ற ஆசை. அதில் தவறேதும் இல்லை. புதிதாக எண்பதாயிரம் டொலருக்கு விற்ற ஜேர்மன் கார், பதினைந்து, இருபது வருடம் கழித்து ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு வருகிறது. வாங்கி விடுகிறோம். ஆனால் ஒன்றை மறந்து விடுகிறோம். காரின் விலை இறங்கும், அதன் உதிரிப்பாகங்களின் விலை அந்தளவுக்கு இறங்காது. அதில் பழுது வந்தால் எண்பதாயிரம் டொலர் காருக்குரிய பில்தான் வரும்.

எங்கள் நேயர் ஒருவர் இரவு வேலைக்கு மார்க்கத்திலிருந்து மிசிசாகாவுக்குப் போய் வருபவர். போகும்போதும் வரும்போதும் எங்கள் ஒலிபரப்புத்தான் அவருக்குத் துணை. 2005 ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஐரோப்பியச் சொகுசுக் கார். ஒரு மழை வாரத்துக்குப் பிறகு வானொலி, சீடி எல்லாம் ஒரேயடியாக ஊமையாகி விட்டன. முன் திரையில் வெளிச்சம் வருகிறது, சத்தம் மட்டும் இல்லை. காட்டிய இடத்தில் முன்பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும், 2,200 டொலர் என்று சொல்லியிருக்கிறார்கள். அது அவர் வன்னியில் இருக்கும் தாயாருக்கும் தங்கை குடும்பத்துக்கும் ஏழு மாதம் அனுப்பும் காசு. மாற்றுவதா, விடுவதா என்று என்னிடம் கேட்டார்.

நான் மெக்கானிக் அல்ல. வானொலிக் கலையகத்தில் வயர்களோடு மாரடித்துப் பழகியவன், அவ்வளவுதான். ஆனால் கணக்கில் பிழை தேடும் முறை எனக்குத் தெரியும். பரீட்சை மீதி சமப்படாவிட்டால் எல்லாப் புத்தகத்தையும் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுத மாட்டோம். சுலபமானதிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகச் சரி பார்த்து ஒதுக்கிக்கொண்டு போவோம். காருக்கும் அதே முறைதான். செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில்.

முதலாவது, பற்றரி. இயந்திரம் நிற்கும்போது நல்ல பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். ஓடும்போது 14 வோல்ற் அளவில் இருக்க வேண்டும். சொகுசுக் கார்கள் பலவற்றில் மின்சாரம் குறைந்தால், இயந்திரத்தை ஸ்ரார்ட் பண்ணுவதற்காக வானொலி போன்றவற்றைக் காரே நிறுத்திவிடும். பனிக்காலத்தில் வானொலி திடீரென நின்றால் முதலில் பற்றரியைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது, இரகசிய இலக்கம். பற்றரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில கார் வானொலிகள் நான்கு அல்லது ஐந்து இலக்கக் குறியீடு கேட்கும். களவு போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது, பழுது அல்ல. அந்த இலக்கம் காரின் கைநூலோடு ஒரு சிறிய அட்டையில் இருக்கும். ஊகித்து அழுத்தாதீர்கள். சில தடவை பிழைத்தால் பூட்டிக்கொள்ளும். பழைய கார் வாங்கும்போதே அந்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, பியூஸ். இப்படியான கார்களில் பியூஸ் பெட்டி இரண்டு மூன்று இடத்தில் இருக்கும். அம்பிளிபையருக்கான பியூஸ் பெரும்பாலும் பின் டிக்கிப் பக்கம். எரிந்திருந்தால் அதே அம்பியர் பியூஸையே போடுங்கள். கூடிய அம்பியர் போட்டால் பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும்.

நான்காவது, சத்தம் வருகிறது, ஆனால் சரியில்லை என்றால் என்ன செய்வது? முன், பின், இடம், வலம் என்று ஒலியை நகர்த்திப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் கரகரத்தால் அந்த ஸ்பீக்கரின் விளிம்பிலுள்ள பஞ்சு உக்கியிருக்கும். அதை மட்டும் மாற்றலாம். இயந்திரத்தின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் என்றால் பூமி இணைப்பைப் பாருங்கள். அதற்கும் முன்னதாக, கைத்தொலைபேசிக்குப் போடும் மலிவுச் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பண்பலையில் வரும் இரைச்சலுக்குப் பல தடவை அதுதான் காரணம். நிலையம் மட்டும் இழுக்கவில்லை என்றால் அன்டெனாவைப் பாருங்கள். பல கார்களில் அது பின் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. உலோகம் கலந்த கறுப்புத் தாள் ஒட்டினால் அலைவரிசை மங்கும்.

எங்கள் நேயரின் காரில் இவை நான்கும் சரியாகவே இருந்தன. இனித்தான் சொகுசுக் காரின் தனிக்குணம் வருகிறது.

1998 இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகுப்பிலும், 2001 இல் பி.எம்.டபிள்யூ 7 வரிசையிலும், அதன் பின் வேறு பல கார்களிலும் வானொலி, சீடி, தொலைபேசி, வழிகாட்டி, அம்பிளிபையர் ஆகியவற்றைச் செப்புக் கம்பிக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்ரிக் ஒளியிழையால் வட்டமாக இணைத்தார்கள். முதலில் வந்தது டி2பி, பிறகு வந்தது மோஸ்ட். அந்த இழைக்குள் சிவப்பு ஒளியாகத் தகவல் ஓடும். ஊரில் வீடு மேயும்போது வரிசையாக நின்று ஓடு கைமாற்றுவோமே, அதே மாதிரித்தான். ஒருவர் கையை விட்டால் ஓடு கூரைக்குப் போய்ச் சேராது. அதுபோல வட்டத்தில் ஒரு பெட்டி செத்தால் முழு வட்டமும் ஊமை. நீங்கள் பாவிக்காத பழைய தொலைபேசிப் பெட்டி செத்தாலும் வானொலி பாடாது.

ஆகவே சத்தம் நின்றதை வைத்து முன்பெட்டி செத்தது என்று சொல்ல முடியாது. எது செத்தது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. ஒரு பெட்டியிலிருந்து ஒளியிழைச் செருகியைக் கழற்றி, அதற்குப் பதிலாக வட்டத்தை மூடும் ஒரு பிளாஸ்ரிக் இணைப்பை மாட்டுவது. பத்துப் பதினைந்து டொலருக்குக் கிடைக்கும். ஒரு பெட்டியை விலக்கியதும் மற்றவை உயிர் பெற்றால் குற்றவாளி அந்தப் பெட்டிதான். அம்பிளிபையரை விலக்கினால் சத்தம் வராது, ஆனால் திரையில் வானொலி, சீடிப் பக்கங்கள் திரும்பி வரும். தொங்கல் கணக்கில் ஒவ்வொரு பதிவாக நீக்கிப் பார்ப்பது போன்றது இது. ஒளியிழையை மட்டும் இறுக்கி மடிக்காதீர்கள். 25 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஆரையில் வளைத்தால் ஒளி கசிந்து விடும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நானும் அவரும், கார் மின்வேலை தெரிந்த ஒரு தம்பியுமாக இதைச் செய்து பார்த்தோம். டிக்கியின் பக்கச் சுவரிலிருந்த அம்பிளிபையரை விலக்கியதும் திரை உயிர் பெற்றது. பெட்டியை வெளியே எடுத்தால் அடியில் தண்ணீர், பச்சை படிந்த இணைப்புகள். பின் விளக்கின் இறப்பர் வெடித்து மழை உள்ளே வந்திருக்கிறது. முதலில் அந்த ஒழுக்கை அடைத்தோம். பழைய கார் உடைக்கும் இடத்தில் அதே இலக்கமுள்ள அம்பிளிபையர் 180 டொலர். தம்பியின் கூலி, இறப்பர், பிளாஸ்ரிக் இணைப்பு எல்லாம் சேர்த்து 330 டொலருக்குள் முடிந்தது. 2,200 டொலருக்கு முன்பெட்டியை மாற்றியிருந்தாலும் சத்தம் வந்திராது. சில கார்களில் பழைய பெட்டியை அந்தக் காருக்கென்று கணினியால் பதிவு செய்ய வேண்டும், வாங்க முன் கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இருக்கைக்குக் கீழும் ஸ்ரியரிங்கிலும் மஞ்சள் நிற வயர் கண்டால் தொடாதீர்கள். அது காற்றுப்பைக்குரியது. அடுத்தது, வட்டத்தில் ஒரு பெட்டி நித்திரைக்குப் போகாமல் விழித்திருந்தால் இரவோடு இரவாகப் பற்றரி இறங்கும். வருடத்துக்கு இரண்டு பற்றரி மாற்றுகிறீர்கள் என்றால் குற்றம் பற்றரியில் இல்லாமல் இருக்கலாம்.

இன்னுமொரு விடயம். 2000களின் நடுப்பகுதி வரை பல சொகுசுக் கார்களில் கசெற் பிளேயரும் இருந்தது. வீட்டில் கசெற் போட வேறு கருவி இல்லாதபடியால் காரில் போட்டுக் கேட்பவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். சினிமாப் பாட்டு என்றால் பரவாயில்லை. ஆனால் சிலரிடம் வேறு கசெற் இருக்கிறது. மின்சாரமில்லாத 1990களின் யாழ்ப்பாணத்தில் பற்றரி தேடிப் பிடித்து, அம்மா பேசிப் பதிந்து, ஆள் கையில் கொழும்புக்குக் கொடுத்தனுப்பிய கசெற். அதற்கு இரண்டாம் பிரதி கிடையாது. உருளையில் பசை பிடித்த பழைய பிளேயர் நாடாவை இழுத்துச் சிக்க வைத்து விடும். அதனால் அப்படியான கசெற்றைத் தயவுசெய்து காரில் போடாதீர்கள். நல்ல பிளேயர் ஒன்றில் ஒரு தடவை ஓடவிட்டுக் கணினியில் பதிந்து, பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். வசதி இல்லாவிட்டால் எங்கள் கலையகத்துக்குக் கொண்டு வாருங்கள், நாங்கள் செய்து தருகிறோம். இதற்குக் காசில்லை.

கடைசியாகக் கணக்காளர் என்ற முறையில் ஒரு வார்த்தை. திருத்துவதா விடுவதா என்று முடிவெடுக்கும்போது, இதுவரை காருக்குப் போட்ட காசைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது போனது போனதுதான். இனிப் போடப் போகும் காசு, கார் இன்னும் எத்தனை வருடம் ஓடும், இந்த இரண்டையும் மட்டும் பாருங்கள். ஓர் இரண்டு வருடம்தான் ஓடும் என்றால் முப்பது டொலருக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கி, கைத்தொலைபேசி வழியாக எங்களைக் கேட்கலாம். நன்றாகவே கேட்கும். எதை மாற்றச் சொன்னாலும், "அதுதான் பழுது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பணப்பையை எடுங்கள்.

அடுத்த மாதம் வழமைபோல வரிக் கணக்கோடு சந்திப்போம்.