சமவெளியும் மலையும்: வெப்ப உச்சங்களின் நீண்டகாலப் போக்கு

(பெங்களூருவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் சுருக்கம்)

கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியில் அமைந்துள்ளது பெங்களூரு. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. இந்நகரின் இதமான தட்பவெப்பத்திற்கு இதுவே அடிப்படை. ஆயினும் உயரம் மட்டுமே என்றும் காவலாக நிற்பதில்லை.

1884 ஜனவரியில் இங்கு 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியது. 1931 மே மாதத்தில் பதிவான 38.9 டிகிரியை, 85 ஆண்டுகளுக்குப் பின், 2016 ஏப்ரலில் பதிவான 39.2 டிகிரி விஞ்சியது.

தனித்த ஓரிரு உச்சங்களைக் கொண்டு போக்கினை முடிவு செய்தல் முறையன்று. நீண்டகாலப் பதிவுகளே சான்றாகும். மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1986 முதல் 2015 வரையிலான காலத்தில், நாட்டில் ஆண்டின் மிக வெப்பமான பகலின் வெப்பநிலை 0.63 டிகிரியும், மிகக் குளிர்ந்த இரவின் வெப்பநிலை 0.4 டிகிரியும் உயர்ந்துள்ளன. இந்துகுஷ்–இமயமலைப் பகுதியில் 1951 முதல் 2014 வரை சராசரி வெப்பநிலை சுமார் 1.3 டிகிரி கூடியுள்ளது. பனி உருகிய இடத்தில் வெளிப்படும் கருநிலம் வெயிலை மிகுதியாக உட்கொள்வது இதற்கு ஒரு காரணம். தென்னக மலைகளும் விலக்கல்ல. 2024 ஏப்ரல் இறுதியில் உதகமண்டலத்தில் 29 டிகிரி பதிவாயிற்று.

இங்கு எழும் சிக்கல் எச்சரிக்கை பற்றியது. வெப்ப அலை என அறிவிக்கச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரியும், மலைப்பகுதியில் 30 டிகிரியும் எட்டப்பட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்திருத்தலும் வேண்டும். பெங்களூருவில் ஏப்ரல் மாதச் சராசரி உச்சம் சுமார் 34 டிகிரி. 2016-இன் உச்சம் அதனினும் ஏறத்தாழ 5 டிகிரி மிகுதி. எனினும் சமவெளி அளவுகோலின்படி அது வெப்ப அலை ஆகாது. பீடபூமி மக்களின் உடலோ, அவர்தம் வீடுகளோ இத்தகைய வெயிலுக்குப் பழகியவை அல்ல. 28 டிகிரிக்கு மேல் வாடும் பட்டுப்புழுவை வளர்க்கும் கர்நாடக உழவருக்கும், திறந்த வெளியில் உழைக்கும் கட்டடத் தொழிலாளருக்கும் இழப்பு உண்மையானது.

எனவே, ஒவ்வொரு பகுதியின் இயல்பு நிலையையும் ஒட்டி எச்சரிக்கை வரம்புகளை வகுத்தலும், இரவு வெப்பத்தைக் கணக்கிற் கொள்ளுதலும், ஏரிகளையும் மரநிழலையும் காத்தலும் நகரத் திட்டத்தின் இன்றியமையாத கூறுகளாதல் வேண்டும்.