மீட்கும் பணிக்குக் கல்வி வேண்டும்



குடிப்பழக்கத்தால் குலைந்த குடும்பங்களை நாம் அனைவரும் அறிவோம். அப்பழக்கத்தை ஒழிக்கச் சட்டம் மட்டும் போதுமா என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

சிங்கப்பூரின் தேக்காவை எடுத்துக்கொள்வோம். 2013 டிசம்பர் 8 ஆம் நாள் இரவு அங்கே தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு உயிர் நீத்தார். அதனைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அது பெருகியதற்கு மதுவும் ஒரு காரணம் என விசாரணைக் குழு கண்டது. 2015 ஏப்ரல் முதல், சனிக்கிழமை காலை 7 மணி தொடங்கித் திங்கட்கிழமை காலை 7 மணி வரை தேக்காவின் பொது இடங்களில் மது அருந்துதல் தடை செய்யப்பட்டது. தெருவில் அமைதி நிலவ இச்சட்டம் உதவும். ஆயின், குடிக்கு அடிமையானவரை மீட்பது சட்டத்தால் மட்டும் இயலுவதன்று.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் சித்தக் கலக்கமும் ஏற்படலாம்; உயிருக்கும் ஆபத்து நேரலாம். ஆகவே மருத்துவரின் மேற்பார்வை தேவை. உடல் தேறிய பின்னர் ஆலோசகரின் பணி தொடங்குகிறது. எவ்வேளையில், எவருடன், எக்கவலையால் மனம் மதுவை நாடுகிறது என்பதை அவர் பொறுமையுடன் கேட்டறிவார். மனைவி மக்களுக்கும் வழிகாட்டுவார். மீண்டும் தவறினாலும் கைவிடார். சிங்கப்பூர் மனநலக் கழகத்தில் இதற்கெனத் தனிப்பிரிவே இயங்குகிறது.

காது கேளாதவரின் துயரை எவ்வாறு கேட்டறிவது? அதற்குச் சைகைமொழி துணை நிற்கிறது. செவிப்புலன் இழந்த பெங் சூ யிங் என்பார் 1954 இல் சிங்கப்பூரில் சைகைமொழிப் பள்ளியொன்றை நிறுவினார். சைகைமொழி கற்ற ஆலோசகர் இருப்பின், காது கேளாதவர் தம் குடும்பத் துன்பத்தை மூன்றாமவர் வாயிலாகக் கூற வேண்டியதில்லை.

இப்பணிக்கு இரக்கம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும். பால்மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டுவதற்கும் பழக வேண்டுமன்றோ?

1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபராக விளங்கிய எஸ். ஆர். நாதன், இளமையில் மூவாரில் வளர்ந்தவர். ரப்பர் விலை வீழ்ச்சிக் காலத்தில் கடனில் மூழ்கிய தந்தையை எட்டாம் வயதில் இழந்தவர். வேலை பார்த்துக்கொண்டே பள்ளிக் கல்வியை முடித்த அவர், 1954 இல் சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிப் பட்டயம் பெற்று, மறு ஆண்டே மருத்துவச் சமூகப் பணியாளரானார். இன்று சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் மனித மேம்பாட்டுத் துறை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மலேசியாவிலும் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம் 1975 இல் சமூகப் பணிக் கல்வியைத் தொடங்கியது.

ஆகவே, நம் மகனோ மகளோ இக்கல்வியை நாடினால், "இதனால் என்ன பயன்?" என்று தடுக்காது ஊக்குவிப்போமாக. குடியில் வீழ்ந்தவரை ஏளனம் செய்யாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக.