மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நமக்கு முன்னர் பேசிய அன்பர்கள் இலக்கியச் சுவையில் சபையைத் திளைக்க வைத்தார்கள். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம் அத்துறையில் புகுந்து உங்கள் பொறுமையைச் சோதிக்கத் துணியவில்லை. விளையாட்டுத் துறையிலிருந்து ஒருவரைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். அவர் கோல் அடித்தவர் அல்லர். பந்தை உதைக்காமலே தொண்ணூறு நிமிடம் ஓடியவர். வென்றவர் அவரை நினைப்பதில்லை. தோற்றவர் அவரை மறப்பதில்லை. கால்பந்து நடுவரின் உத்தியோகம் அத்தகையது.

அவர் பெயர் கென் ஆஸ்டன். 1915ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோல்செஸ்டர் நகரிலே பிறந்தவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். 1936இல் நடுவராகத் தகுதி பெற்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, கணுக்கால் காயத்தின் காரணமாக விமானப்படை அவரை ஏற்கவில்லை. பீரங்கிப் படையில் சேர்ந்து, பின்னர் அந்நாளைய பிரிட்டிஷ் இந்திய இராணுவத்திற்கு மாற்றலாகி, லெப்டினன்ட் கர்னல் பதவி வரை உயர்ந்தார். சாங்கியில் நடந்த போர்க்குற்ற விசாரணை மன்றத்திலும் பணிபுரிந்தார்.

ஊர் திரும்பியதும் மீண்டும் விசிலைக் கையில் எடுத்தார். நடுவர் சொல்வது எவருக்கும் ஐயமின்றி விளங்க வேண்டும் என்பதே அவருடைய கொள்கை. எல்லைக்கோட்டில் நிற்கும் துணை நடுவர்கள் அக்காலத்தில் உள்ளூர் அணியின் நிறத்திலே கொடி பிடிப்பது வழக்கம். லண்டன் மூடுபனியில் அக்கொடி கண்ணுக்குத் தெரிவதில்லை. 1947இல் ஆஸ்டன் பளிச்சென்ற மஞ்சள் நிறக் கொடிகளைக் கொடுத்துப் பார்த்தார்; பனியிலும் தெரிந்தது. சிறிய காரியந்தான். ஆயினும், கார்டு காட்டும் கொடி டிரைவருக்குத் தெரியாவிட்டால் என்ன நேரும் என்பதை நம் ரயில்வேக் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1953இல் அவர் இல்போர்டில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியரானார். நடுவர் பணியையும் விடவில்லை.

பன்னாட்டு நடுவர் என்ற தகுதி எளிதில் கிட்டுவதன்று. தத்தம் நாட்டுச் சங்கம் பரிந்துரைக்க, உலகக் கால்பந்து அமைப்பான பிஃபா ஏற்றுப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அத்தகுதி பெற்ற ஆஸ்டன் 1962இல் சிலி நாட்டில் நடந்த உலகக் கோப்பைக்குச் சென்றார். அங்கேதான் அவருக்குச் சோதனை காத்திருந்தது.

ஜூன் 2ஆம் நாள். தலைநகர் சாந்தியாகோவில் சிலிக்கும் இத்தாலிக்கும் ஆட்டம். இத்தாலியப் பத்திரிகையாளர் சிலர் சிலி நாட்டை இழித்து எழுதியிருந்தமையால் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டு வினாடிக்குள் முதல் தவறு. சற்று நேரத்தில் இத்தாலியின் ஃபெரினியை ஆஸ்டன் வெளியேற்றினார். அவர் போக மறுத்தார். போலீசார் வந்து அழைத்துச் செல்ல நேர்ந்தது. சிலியின் சான்செஸ் விட்ட குத்து தண்டனையின்றிப் போயிற்று. பதிலுக்கு உதைத்த இத்தாலியின் டேவிட் வெளியேற்றப்பட்டார். சிலி இரண்டு கோல்களால் வென்றது. உலகம் அதனை விளையாட்டு என்று சொல்லாமல் "சாந்தியாகோ யுத்தம்" என்று பெயரிட்டது. கண்டனம் நடுவர் தலையிலும் விழுந்தது. காலில் காயமும் பட்டு, அப்போட்டித் தொடரில் அவர் மேற்கொண்டு நடுவராக நிற்கவில்லை.

வேறொருவராயின் விசிலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார். ஆஸ்டன் மறு ஆண்டே இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்தினார். 1966இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில் நடுவர்கள் அனைவருக்கும் பொறுப்பாளராக நியமிக்கப்பெற்றார்.

அவ்வாண்டு ஜூலை 23ஆம் நாள் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின. நடுவர் கிரைட்லைன் ஜெர்மானியர். அர்ஜென்டினாவின் தலைவர் ரட்டின் ஸ்பானிய மொழி பேசுபவர். நடுவர் ரட்டினை வெளியேற்றினார். ரட்டினோ மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு மைதானத்திலேயே நின்றார். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கவில்லை. ஆட்டம் பல நிமிடங்கள் தடைப்பட்டது. ஆஸ்டனே உள்ளே வந்து சமாதானம் சொல்ல நேர்ந்தது. அதே ஆட்டத்தில் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர் இருவரும் எச்சரிக்கப்பட்டிருந்தனர்; அச்செய்தி ஆட்டம் முடிந்த பிறகே அவர்களுக்குத் தெரிய வந்தது! எச்சரிக்கப்பட்டவருக்கே தெரியாத எச்சரிக்கையால் பயன் என்ன?

இச்சிந்தனையோடு ஆஸ்டன் காரில் வந்துகொண்டிருந்தார். கென்சிங்டன் சாலையில் போக்குவரத்து விளக்கு மஞ்சளாகி, பிறகு சிவப்பாயிற்று. மஞ்சள் என்றால் நிதானம். சிவப்பு என்றால் நில். இதற்கு மொழி எதற்கு? வீட்டுக்கு வந்து மனைவியாரிடம் சொன்னார். அந்த அம்மையார் உள்ளே சென்று, வண்ணத் தாளைச் சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் இரண்டு துண்டுகளாக வெட்டிக்கொண்டு வந்தார் என்பர். இன்று உலகமெங்கும் நடுவர் உயர்த்திப் பிடிக்கும் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் இவ்வாறு பிறந்தன.

இங்கே நாம் சற்றுப் பெருமைப்பட்டுக்கொள்ள இடமுண்டு. சாலை விளக்கு எங்கிருந்து வந்தது? 1868இல் லண்டன் பாராளுமன்றத்தின் அருகே முதன்முதல் அதனை அமைத்தவர் நைட் என்னும் ரயில்வேக்காரர். பகலில் நம் கைகாட்டியைப் போன்ற கைகள். இரவில் சிவப்பும் பச்சையுமான வாயு விளக்குகள். ரயில்வே சிக்னல் சாலைக்குச் சென்றது. சாலையிலிருந்து மைதானத்துக்குச் சென்றது. நம் சிக்னல் நூலில் மஞ்சளுக்குப் பெயர் எச்சரிக்கை. கால்பந்து விதியிலும் மஞ்சள் அட்டைக்குப் பொருள் எச்சரிக்கையே.

1970இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில் அட்டைகள் முதன்முதல் நடைமுறைக்கு வந்தன. தொடக்க ஆட்டத்திலேயே ஜெர்மானிய நடுவர் ஒருவர் சோவியத் வீரருக்கு மஞ்சள் அட்டை காட்டினார். மெக்சிகோ மக்கள் நிறைந்த அரங்கில் அனைவருக்கும் அக்கணமே விளங்கிற்று. அப்போட்டித் தொடர் முழுவதிலும் சிவப்பு அட்டைக்கு வேலையே வரவில்லை. 1974இல்தான் உலகக் கோப்பையின் முதல் சிவப்பு அட்டையைத் துருக்கிய நடுவர் ஒருவர் சிலி வீரருக்குக் காட்டினார். நாம் விரும்பும் ஹாக்கியும் பின்னர் அட்டைகளை ஏற்றுக்கொண்டது. 1997இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது பெற்ற ஆஸ்டன் 2001இல் காலமானார்.

அன்பர்களே! இக்கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் காலனி மைதானத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் வங்காளப் பிள்ளைகளும் பஞ்சாபிப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் கலந்து ஆடுகின்றனர். ஆட ஆள் இருக்கிறது. சுற்றி நின்று கூவ நாமெல்லாரும் இருக்கிறோம். நடுவராக நிற்க மட்டும் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தவரையும் அவர் எந்த மொழிக்காரர் என்றல்லவா முதலில் பார்க்கிறோம்! நம் பக்கம் விசில் ஊதினால் நேர்மையாளர்; எதிர்ப்பக்கம் ஊதினால் "அவர்கள் ஆள்". பெரியவர்கள் வாயிலிருந்து பிள்ளைகள் கேட்டுக் கற்பது இதுதான். நாளை ஒரே அலுவலகத்தில், ஒரே வண்டியில் சேர்ந்து உழைக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள்.

ஆதலின், சங்கத்தின் விளையாட்டுக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். வெற்றிக் கோப்பைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை ஒதுக்கி, நம் இளைஞர் இருவரையேனும் நடுவர் பயிற்சிக்கு அனுப்புங்கள். மாநிலக் கால்பந்துச் சங்கங்கள் அதற்குத் தேர்வு நடத்துகின்றன. மற்ற மொழிச் சங்கத்தாரையும் அவ்வாறே செய்ய அழைப்போம். அந்த இளைஞர்கள் நம் பிள்ளைக்கே மஞ்சள் அட்டை காட்டும் நாளில், கோட்டுக்கு வெளியே நின்று நாம் கைதட்டுவோம்.