பறவைத் தொண்டையில் பிறந்த சொல்



வெளியாருக்கு விளங்காத துறைப்பேச்சைக் குறிக்கும் 'ஜார்கன்' என்ற ஆங்கிலச் சொல் இன்று தினமும் அடிபடுகிறது. வக்கீல் பேசுவது ஜார்கன், டாக்டர் எழுதுவது ஜார்கன், பட்ஜெட் உரை முழுக்க ஜார்கன். பழைய பிரெஞ்சில் அது பறவைகளின் கலகலப்பு. தொண்டையொலியைப் போலச் செய்த வேர் அது என்பது பெரும்பாலான சொல்லாய்வாளர் கருத்து. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய வணிகன் கதையில், மணம் முடித்த மறுநாள் விடியலில் கிழ மாப்பிள்ளை உற்சாகம் தாங்காமல் பாடிப் பிதற்றுகிறார். அவரைக் கறுப்பு வெள்ளை மேக்பைப் பறவைக்கு ஒப்பிடும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது.

விளங்காத பேச்சுக்குப் பறவையை உவமை சொல்வது பிரெஞ்சுக்காரருக்கும் வெகுகாலம் முந்தியது. கிரேக்கத்து டொடோனாவில் குறி சொல்லும் கோயில் ஒன்று இருந்தது. எகிப்தின் தீப்ஸிலிருந்து கறுப்புப் புறா ஒன்று பறந்து வந்து, ஓக் மரத்தில் அமர்ந்து, மனிதக் குரலில் பேசி அதை நிறுவச் சொன்னதாம். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் இதை நம்பவில்லை. தீப்ஸிலிருந்து கடத்தப்பட்டு வந்து விற்கப்பட்ட ஒரு பெண்தான் அந்தப் புறா என்கிறார். அவள் மொழி அங்கே யாருக்கும் புரியவில்லை. பறவை கத்துவதாகத் தோன்றியது. பிறகு கிரேக்கம் கற்றுப் பேசினாள். ஊரார் 'புறா மனிதக் குரலில் பேசுகிறது' என்றார்கள். அவள் முதல் நாளிலிருந்தே மனிதமொழியைத்தான் பேசினாள். பறவை இருந்தது கேட்டவர் காதில். நான் இன்று சொல்ல வந்ததே இதுதான்.

பிரெஞ்சில் அந்தச் சொல் பறவையை விட்டு மனிதனிடம் வந்ததும் திருடர் பக்கம் சாய்ந்தது. 1455இல் திஜோன் நகரில் கொக்கியார் என்ற கொள்ளைக் கூட்டத்தின் மீது வழக்கு நடந்தது. அவர்களுடைய சொற்களை நீதிமன்றம் பொருளோடு எழுதி வைத்தது. அதில் ஒன்று, 'திராட்சை பறிப்பவன்'. இடுப்பில் கயிற்றில் தொங்கும் பணப்பையை அறுத்துக்கொண்டு போகிறவனுக்கு அந்தப் பெயர். திஜோனைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். கொத்தை அறுக்கும் கையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். எவ்வளவு கூர்மையான கற்பனை! கவிஞர் வில்லோன் இந்த மொழியில் சில பாடல்களே எழுதினார். பின்னாளில் அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் பல இனத்தார் வணிகத்துக்குப் பேசிய கலப்பு மொழியையும் வெள்ளையர் 'சினூக் ஜார்கன்' என்றார்கள். 1863இல் அதற்கு அகராதியும் வந்தது. பேசுகிறவர்கள் அதைச் 'சினூக் வாவா' என்கிறார்கள். வாவா என்றால் அவர்கள் மொழியில் பேச்சு.

நன்னூல் என்னும் இலக்கண நூலை எழுதிய நம் பவணந்தியார் இத்தகைய குழுப்பேச்சை வேறு கண்ணால் பார்த்தார். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் குழூஉக்குறியை, தக்கதெனக் கொள்ளும் தகுதி வழக்கில் நன்னூல் வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர் என்று உரையாசிரியர்கள் காட்டுகிறார்கள். குடித்தவன் வாயில் சொல் தானாக வருவதை அறிந்தவர்கள் வைத்த பெயர்! இதில் இழிவு எங்கே இருக்கிறது?

ஆனால் காலம் ஒன்றை மாற்றிவிட்டது. அன்று விளங்காமல் பேசியவர்கள் அடிமைப்பெண், திருடன், அந்நியன். இன்று விளங்காமல் பேசுகிறவர் கையில் அதிகாரம் இருக்கிறது; இழப்பு கேட்பவருக்கு. மருந்துச் சீட்டில் 'பி.டி.', 'டி.டி.எஸ்.' என்று பார்த்திருப்பீர்கள். நாளுக்கு இருமுறை, மும்முறை என்பதற்கான லத்தீன் முதலெழுத்துகள். மருந்துக்கடைக்காரர்தான் உறையின்மேல் 1-0-1 என்று எழுதி, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம் போடுங்கம்மா" என்று சொல்லிக் கொடுக்கிறார். அதை மருத்துவரே தமிழில் எழுதலாம். தீர்ப்பின் சாரத்தைக் கட்சிக்காரருக்கு ஒரு பக்கத் தமிழில் வழக்கறிஞர் தரலாம். இளம் மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் கூட்டி இதற்கொரு பயிற்சியை, இந்தச் சொற்பொழிவை ஏற்பாடு செய்த அறக்கட்டளை ஆண்டுதோறும் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.