கண்மாய்க் கரை நாணலும் ஜானகி அம்மாள் எண்ணிய கணக்கும்



நம் திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் கண்மாய்க் கரையிலும் ஓடையோரத்திலும் நாணல் மண்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு அது களை. ஆனால் இந்த நாணல் கரும்புக்குப் பங்காளி முறை. "என்னய்யா, புல்லுக்கும் கரும்புக்கும் என்ன உறவு?" என்று கேட்பீர்கள். அந்த உறவை எண்ணிப் பார்த்துச் சொன்ன ஓர் அம்மாவைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

"ஆராய்ச்சிக்காரங்க எழுதி எழுதித் தள்றாங்க. அதனால என் தோட்டத்துல ஒரு கரும்பு கூடுதலா விளையுமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

ஜானகி அம்மாள் 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். 1931-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1934-ல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார்.

அங்கே என்ன வேலை? நாம் கரும்பைக் கரணை வைத்து நடுகிறோம். கரணையில் முளைப்பது தாய்ப்பயிரின் அச்சு. புது ரகம் கிடைக்காது. புது ரகம் வேண்டுமானால் பூ பூத்து, மகரந்தம் சேர்ந்து, விதை பிடிக்க வேண்டும். கோவையில் கரும்பு நன்றாகப் பூக்கும். அதனால்தான் 1912-ல் நிலையத்தை அங்கே வைத்தார்கள். பார்பர் துரையும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற கரும்பை நாணலோடு சேர்த்து எடுத்த கோ 205 ரகம் 1918-ல் வட இந்திய விவசாயிகளுக்குப் போனது. இனிப்பு கரும்பிலிருந்து, வறட்சி தாங்குவதும், கட்டை விட்டால் விடாமல் துளிர்ப்பதும் நாணலிலிருந்து.

ஆனால் பிறந்த நாற்று நிஜக் கலப்பா, எந்தப் பக்கத்து ரத்தம் எவ்வளவு? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வேர்நுனியைப் பூதக்கண்ணாடியில் வைத்து, பரம்பரைக் குணத்தைச் சுமக்கிற குரோமோசோம்களை எண்ண வேண்டும். நெல்லுக்கு 24. நல்ல ஜாதிக் கரும்புக்கு 80. நாணலுக்கோ இடத்துக்கு இடம் மாறும். 40-லிருந்து 128 வரை! கண்ணைக் கெடுக்கிற வேலை. இந்திய நாணல் வகைகளை எண்ணி 1936-ல் ஜானகி அம்மாள் கட்டுரை எழுதினார். கரும்பை மூங்கிலோடும் மக்காச்சோளத்தோடும் சேர்த்துப் பார்த்ததை 1938-ல் லண்டன் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

மூங்கில் கலப்பு எதுவும் நம் வயலுக்கு வரவில்லை. அப்படியானால் வீண்தானா? இல்லை. கரும்பு எவ்வளவு தூரத்துச் சொந்தத்தோடும் சேரும் என்பது அதனால் தெரிந்தது. ஒருவர் வெட்டிய கிணற்றில் கல் தட்டிய இடம் தெரிந்தால், அடுத்தவர் வேறு இடத்தில் வெட்டலாம் இல்லையா? ஒரு கட்டுரையைப் பின்னால் வருகிறவர் எடுத்துக்காட்டி மேலே போகிறார் என்பதுதான் அதன் மதிப்பு. எத்தனை கட்டுரை எழுதினார் என்று எண்ணுவது மூட்டையை எண்ணுவது போல. உள்ளே நெல்லா பதரா என்று தெரியாது.

1939-ல் மாநாட்டுக்காக எடின்பரோ போனார். யுத்தம் மூண்டது; இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். அங்கே டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து 1945-ல் பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை ஒன்றை நூலாக வெளியிட்டார். எந்தப் பயிருக்கு எத்தனை என்று ஒரே இடத்தில் பார்க்கலாம். கலப்பினம் செய்கிறவர்களுக்கு அது பஞ்சாங்கம் மாதிரி. 1955-ல் அதை விரிவாக்கிப் போட்டபோது அட்டையில் டார்லிங்டன் பெயரும் வைலி என்பவர் பெயரும்தான். அம்மாவின் பெயர் இல்லை. எனக்கு இது உறுத்தல்தான். பழைய பதிப்பை மேற்கோள் காட்டுகிறவர்கள் இருக்கும்வரை பெயர் மறையாது.

1951-ல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீர்படுத்தினார். 1977-ல் பத்மஸ்ரீ. கடைசிவரை சென்னையை அடுத்த மதுரவாயலில் வேலை பார்த்து, 1984-ல் காலமானார்.

அலங்காநல்லூர்ப் பக்கம் கோ 86032 நட்டவர்கள் இருப்பீர்கள். அதன் தாய் கோ 62198, தகப்பன் கோ.சி. 671. ஜல்லிக்கட்டுக் காளைக்கு வம்சம் சொல்வது போல இதற்கும் சொல்லலாம். மேலே ஏறிக்கொண்டே போனால் ஒரு நாணல் வந்து நிற்கும்.