கஞ்சிப் பானையும் கார் நிறுத்த இடமும்

(சங்கத்தின் குடும்ப விழாவில் ஆற்றிய உரை)



தலைவர் அவர்களே, ஜமாஅத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சலாமுக்குப் பதில் சொன்ன தம்பிமார்களே!

"நம் ஊர் விழாக்களைப் பற்றிப் பேசுங்கள், பதினைந்து நிமிடம், கொஞ்சம் சிரிக்கும்படி இருக்கட்டும்" என்று செயலாளர் சொன்னார். பினாங்கில் நடக்கும் விழாக்களின் பெயரை வாசித்தாலே பதினைந்து நிமிடம் போய்விடும். சிரிப்புக்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நாம் விழாவுக்குப் புறப்படுகிற விதத்தைச் சொன்னாலே போதும்.

நம் பாட்டன்மார் பிட் ஸ்ட்ரீட் என்று சொன்ன தெரு, இன்றைய ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். அதில் நடந்து வந்தால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், பக்கத்துக் குவீன் ஸ்ட்ரீட்டில் மகா மாரியம்மன் கோயில், அப்புறம் 1801இல் தொடங்கிய நம் பள்ளிவாசல். சூலியா ஸ்ட்ரீட்டில் திரும்பினால் நாகூர் தர்கா. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட நடை. வழியில் தெரிந்தவர் யாராவது நம்மைப் பிடித்துக்கொண்டால் ஒரு மணி நேரம்.

இத்தனை பேர் ஆளுக்கொரு நாள்காட்டியை வைத்துக்கொண்டு அடுத்தடுத்துக் குடியிருந்தால் என்ன ஆகும்? சீனர்களும் இந்துக்களும் சந்திரனைப் பார்த்துக் கணக்கிட்டாலும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூட்டிச் சேர்த்துப் பண்டிகையை அதன் பருவத்திலேயே கட்டிப்போட்டுவிட்டார்கள். நம் ஹிஜ்ரி ஆண்டில் அந்தச் சேர்மானம் இல்லை. ஆகவே நம் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கிறது. போகிற வழியில் எல்லார் வீட்டுப் பண்டிகையையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. 1996 முதல் 1998 வரை சீனப் புத்தாண்டை ஒட்டி வந்தது. நாடே 'கொங்சி ராயா' என்றது. 2004 முதல் 2006 வரை தீபாவளியைப் பிடித்தது, அது 'தீபராயா'. விடுமுறை சேர்ந்து வந்ததில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இரண்டு பண்டிகைப் பலகாரமும் ஒரே வாரத்தில் வந்ததில் நம்மில் சிலருடைய சர்க்கரைக்கும் கொண்டாட்டம்.

பெருநாள் என்றைக்கு என்பது இன்னொரு கூத்து. அரச முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் அறிவிக்கும்வரை வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. இறைச்சியை ஊற வைப்பதா, ஸஹருக்குச் சோறு வைப்பதா என்று தாய்மார்கள் ஒரு கண்ணை அடுப்பிலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்திருப்பார்கள். அறிவிப்பு வந்த மறுநிமிடம் ஊரிலிருந்து போன் வரும். "உங்களுக்கு நாளைக்கேவா? இங்கே பிறை தெரியலையே!" மறுநாள் நாம் புதுச்சட்டையோடு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே, கடையநல்லூரில் நோன்போடு இருக்கும் மாமாவிடம் அவர் காதில் மெல்லுகிற சத்தம் விழாமல் பேச வேண்டும். அது தனிக் கலை.

மற்றவர் விழாவிலும் நமக்குப் பங்கு உண்டு. தைப்பூசத்தில் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். தேங்காய் உடைப்பதில் சீனர்களை மிஞ்ச ஆளில்லை. மலைமலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். பக்தர்கள் மரக்கறி விரதம் என்பதால் அன்று நம்மவர் நாசி கண்டார் கடையில் கறி ஓடாது, தே தாரேக் ஓடும். சாப் கோ மே இரவில் கடற்கரைத் திடலில் நல்ல கணவன் வேண்டிச் சீனக் கன்னியர் கடலில் ஆரஞ்சு வீசுவார்கள். நம் இளைஞர்களும் அன்றைக்கு 'காற்று வாங்க' அந்தப் பக்கம் போய்விடுவார்கள். வருடத்தில் மற்ற நாளெல்லாம் காற்று வீசாத மாதிரி.

நம் வீட்டுக் கல்யாணத்தை விட்டுவிட முடியுமா? அழைப்பிதழில் நிக்காஹ் காலை 11 மணி என்று இருக்கும். மாப்பிள்ளை பதினொன்றே முக்காலுக்கு வருவார். ஹஜ்ரத் மட்டும் பதினொன்றுக்கே வந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருப்பார். சொந்தக்காரர்கள் பிரியாணிச் சட்டி திறக்கிற நேரத்தை எப்படித்தான் கணிக்கிறார்களோ, மூடி திறக்கவும் அவர்கள் நுழையவும் சரியாக இருக்கும். பிறை பார்க்கும் குழுவில் இவர்களைச் சேர்த்தால் நாட்டுக்கே நன்மை.

இனித் தட்டுகளின் கதை. பண்டிகைக்குப் பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினால், அந்தத் தட்டைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஆகவே தட்டு நம்மிடமே தங்கும். நம் பண்டிகை வந்ததும் வட்டிலப்பத்தோடு போகும், அங்கே தங்கும். இப்படிப் போய் வந்து போய் வந்து, எது யார் வீட்டுத் தட்டு என்று யாருக்கும் தெரியாது. கணக்குத் தீராத கடன் அது. யாரும் தீர்க்கவும் விரும்பவில்லை.

அந்தக் கணக்கு 2000ஆம் ஆண்டோடு கலைந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, பழைய கடைவீடுகளின் வாடகை ஒரே தாவாக ஏறியது. தலைமுறைகளாக இருந்தவர்கள் பாயான் பாருவுக்கும் குளுகோருக்கும் பட்டர்வொர்த்துக்கும் போனார்கள். புதுவீட்டில் பெட்டியைப் பிரித்தால் எதிர்வீட்டுச் சீனப் பாட்டியின் நீலப்பூப் போட்ட தட்டு! அதைத் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் நம்மில் உண்டு. போய்ப் பார்த்தால் அந்த வீடு ஓட்டலாகியிருந்தது. பாட்டி எங்கே போனாரென்று வரவேற்பில் இருந்த பிள்ளைக்குத் தெரியவில்லை. தட்டு இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது.

2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரம் என்றது. சந்தோஷம். சுவர்கள் காப்பாற்றப்பட்டன. சுவருக்குள் இருந்தவர்கள் இப்போது பெருநாளைக்கு மட்டும் வருகிறோம், அதுவும் வெளியூர்க்காரர் மாதிரி காரில். தொழுகைக்கு ஒரு மணி நேரம் முன்பே புறப்பட்டு, பள்ளிவாசலை மூன்று முறை சுற்றி, கடைசியில் பள்ளிவாசல் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இடம் பிடிக்கிறோம். "எங்க வாப்பா பிறந்த வீட்டு வாசலில் நிறுத்தினேன், சம்மன் வைத்துவிட்டார்கள்" என்று ஒரு பெரியவர் சென்ற பெருநாளில் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

கஞ்சி விஷயத்துக்கு வருவோம். நோன்பு மாதத்தில் சங்கக் கட்டடத்தின் பின்புறம் லுஹருக்குப் பிறகு அடுப்பு மூட்டுவார்கள். அரிசி, பருப்பு, இறைச்சி, இஞ்சி பூண்டு, வெந்தயம், ரம்பை இலை, கடைசியில் தேங்காய்ப் பால். இரண்டு மணி நேரம் கை ஓயாமல் துழாவ வேண்டும்; விட்டால் அடிபிடிக்கும். அஸருக்குப் பிறகு வரிசை. அந்த வரிசையில் நாம் மட்டுமா நிற்கிறோம்? மலாய்க்காரர், சைக்கிளில் வரும் சீன அப்பேக், முதுகுப்பை மாட்டிய வெள்ளைக்காரர், எல்லாரும் நிற்கிறார்கள். முதல் நோன்பன்று ஆளுக்கொரு சின்ன டப்பா கொண்டுவருவார்கள். கஞ்சியின் ருசி பரவப் பரவ டப்பா வளர்ந்து, பதினைந்தாம் நோன்புக்குள் வாளியாகிவிடும். கடைசிப் பத்தில் பெருநாள் பலகாரத்தின் மேல் கவனம் போய் மறுபடி டப்பா சிறுக்கும். அன்றைக்கு எத்தனையாம் நோன்பு என்று பாத்திரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

துழாவுகிறவர்களுக்கு வயதாகிவிட்டது. முன்பு துடுப்புப் பிடிக்க எட்டுப் பேர் இருந்தார்கள். இப்போது நான்கு பேர். அதில் இருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு டாக்டர் உத்தரவு. செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது: வெளியே ஆர்டர் கொடுத்துவிடலாம், டப்பாவில் அடைத்து வேனில் வரும், சுத்தமாகவும் இருக்கும். கணக்குப் போட்டால் செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. யோசனை சொன்னவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவரும் துடுப்புப் பிடித்த கைதான்.

ஆனால் வேன் வந்து போவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அடுப்பு இரண்டு மணி நேரம் எரியும். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பிள்ளைக்கு வேலை இல்லை, எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள் என்பதெல்லாம் சங்கத்துக்குத் தெரிய வந்திருக்கிறது. உதவிக்கு மனு எழுதிக் கொடுத்தவர்களை விடக் கஞ்சி துழாவும்போது வாயில் வந்த பெயர்கள்தான் அதிகம். நம் பிள்ளைகள் 'அடிபிடிக்கும்', 'பதம்', 'ஒரு கை உப்பு' என்ற தமிழைக் கற்றதும் அந்தப் புகையில்தான், வகுப்பில் இல்லை.

ஆகவே செயற்குழு இந்த நோன்புக்கும் பானையை நம் கையிலேயே வைத்திருப்பது என்று முடிவு செய்திருக்கிறது. நாளைக்கு நான்கு பேர் வீதம் முப்பது நாளுக்கு ஆள் வேண்டும். பெண்களுக்கும் இடம் உண்டு. இஞ்சி பூண்டு உரிப்பதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், துடுப்புக்கும்தான். துடுப்புப் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு முழங்கால் வலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிக் கொடுப்பார்கள். திட்டும் உண்டு. அன்றைக்குத் துழாவ வருகிறவர்களுக்குக் கட்டடத்தின் பின்னால் கார் நிறுத்த இடமும் உண்டு. இதைச் சொன்னதும் பின்வரிசைத் தம்பிமார் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது.

பெயர் எழுதும் தாளை வாசலில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டீர்கள் என்று நமக்குத் தெரியும். அதனால் சாப்பாட்டு மேசையில், தால்ச்சாவுக்கும் பச்சடிக்கும் நடுவில் வைத்திருக்கிறோம். பேனா கட்டியிருக்கிறது.